உடைச்சது நீங்க, அவுட்டு நானா?

ரெண்டு நாளா இன்பாக்ஸ்ல "விடுங்கக்கா, ஒரு பூசணிக்காய்க்குப் போய் இவ்ளோ ஃபீல் பண்றீங்களே"ன்னு எழுதற எல்லாருக்கும் சேத்து இங்கயே சொல்லிடறேன். போன ஞாயித்துக்கிழமை யாரோட பூசணிக்காய் அதிக எடைன்னு நடந்த போட்டில என்ன நடந்துச்சுன்னு அந்த வீடியோ பாத்த உங்களுக்குத் தெரியும். பாதிப் பேரு சிரிக்கற ஸ்மைலி போட்டிருந்தீங்க, அதையும் பாத்தேன்.

காய உடைச்சது நான் இல்ல. கமிட்டி ஆளுங்க நாலு பேரு. "காம்பத் தொடாதீங்க சார், அடில துணி போட்டிருக்கேன், துணியோட நாலு மூலையும் பிடிச்சுத் தூக்குங்க"ன்னு நான் கத்தறது அந்த வீடியோலயே நல்லா கேக்குது. ஒருத்தர் காம்பப் பிடிச்சார், தராசுக்கு ரெண்டடி முன்னாடி கை நழுவுச்சு, தரைல விழுந்து விரிஞ்சுது. அடுத்த நிமிஷம் லிஸ்ட்ல என் பேரு மேல கோடு. விரிசல் விட்ட காய் போட்டில சேராதாம். தராசுல கூட வெக்கல. உடைச்சது நீங்க, அவுட்டு நானா?

"ரூல்னா ரூல்தானே"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, அந்த ரூல் எனக்கும் தெரியும். வெளிநாட்டுல கிரேட் பம்ப்கின் காமன்வெல்த்னு ராட்சதப் பூசணிப் போட்டிங்களுக்கு ரூல் போடற அமைப்பு இருக்கு, அவங்க அங்கீகாரத்தோட நடக்கற போட்டியிலயும் விரிசல் உள்குழி வரைக்கும் போயிருந்தா கணக்குல எடுக்க மாட்டாங்க. ஆனா அங்க காய எப்படித் தூக்கறாங்கன்னு பாருங்க. மேல ஒரு இரும்பு வளையம், அதுல இருந்து சுத்திலும் பட்டை தொங்கும், காயோட அடி வரைக்கும் பட்டைய இறக்கி இறுக்கிட்டு உசரமான மூணு கால் ஸ்டாண்டுல மாட்டி மெதுவா மேல ஏத்துவாங்க. காம்புல யாரும் கை வெக்க மாட்டாங்க. 2025 அக்டோபர்ல இங்கிலாந்துல பேட்டன்னு ரெட்டைப் பிறவி அண்ணன் தம்பி கொண்டு வந்த காய் 1,278 கிலோவுக்கும் மேல, உலக சாதனை, அது முழுசா தராசுல போய் உக்காந்துச்சு. என் காய் டேப் கணக்குப்படி 90 கிலோ வரும். சுத்தளவு, பக்கத்துக்குப் பக்கம், காம்புல இருந்து பூ முனை வரைக்கும், மூணையும் அளந்து கூட்டி அட்டவணைல பாக்கறதுதான் டேப் கணக்கு. உத்தேசம்தான் அது. நிஜ எடை என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுதான் தாங்கல.

நவம்பர்ல போட்ட விதைங்க. பெங்களூர் பக்கத்துல ஹொஸ்கோட்டே கிட்ட எங்க 30க்கு 40 அடி சைட்ல, வீடு கட்ட வெச்சிருக்கற இடத்துல, செம்மண்ணுல ரெண்டு டிராக்டர் மாட்டு எரு கொட்டி அட்லாண்டிக் ஜயன்ட் விதை போட்டேன். கனடாவுல நோவா ஸ்கோஷியால ஹவர்ட் டில்னு ஒரு விவசாயி வருஷக்கணக்கா தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கின ரகம் அது, அவரே 1979ல இருந்து 1982 வரைக்கும் தொடர்ந்து நாலு வருஷம் சாம்பியன். ஜனவரில பெண் பூ மலரப் போற முந்தின சாயங்காலமே நூல் போட்டுக் கட்டிட்டு, விடிகாலைல அஞ்சரைக்கு செல்போன் வெளிச்சத்துல ஆண் பூவோட இதழக் கிள்ளிப் போட்டுட்டு மகரந்தத்த நானே தடவி விட்டேன், தேனீ முந்திக்கக் கூடாதுன்னு. அப்புறம் கொடில வந்த மத்த பிஞ்செல்லாம் கிள்ளிட்டு ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டேன். கணு கணுவா கொடிய மண்ணுல புதைச்சா அங்கங்க வேர் விடும், அதுக்காக தினமும் குத்த வெச்சு உக்காந்து மண்ணு அள்ளிப் போட்டு என் முட்டி போச்சு. பழ ஈ வராம துணி சுத்தி, வெயில் படாம பழைய பெட்ஷீட் போர்த்தி, கடைசி மாசம் ராத்திரி மழை இருட்டினா எனக்குத் தூக்கம் வராது, ஏன்னா காஞ்ச மண்ணுல திடீர்னு தண்ணி சேந்தா காய் சட்டுனு பெருத்துத் தானே வெடிச்சிரும். மழைக்குத் தப்பிச்சு வந்த காய்ங்க அது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்க அமுச்சி, அதான் அம்மாவோட அம்மா, வீட்டுக் கூரைல அரசாணிக்காய், அதான் மஞ்சப் பூசணி, கொடி ஏத்தி விட்டிருப்பாங்க. பிஞ்சு விட்டா அதப் பாத்து விரல் நீட்டக் கூடாது, நீட்டினா அழுகிடும்னு அடிப்பாங்க. "அங்க பாரு அமுச்சி"ன்னு நான் காட்டினதுக்கு வாங்கின அடி இப்பவும் ஞாபகம் இருக்கு. காய் பெருக்கப் பெருக்க வைக்கோல்ல சும்மாடு மாதிரி சுத்தி அடில வெச்சு, அதுக்கு மேல ரெண்டு கையாலயும் பச்சக் குழந்தைய படுக்க வெக்கற மாதிரி திருப்பி வெப்பாங்க. விரல் நீட்டினாலே ஆகாதுன்னு வளந்தவ நான். இவங்க என் கண்ணு முன்னாடி காம்பப் பிடிச்சு இழுத்தாங்க.

"பெங்களூர்ல குடிக்கத் தண்ணி இல்ல, உங்களுக்குக் காய் போட்டியா"ன்னு கேட்டவங்களுக்கு: அரிசி கழுவின தண்ணி, துணி அலசின தண்ணின்னு கேன் கேனா வண்டில கொண்டு போய் ஊத்தினேன். சரி, வெயில் ஏறினப்போ மூணு டேங்கர் வாங்கினேன், மறைக்கல. காரு கழுவறதுக்கு உங்க பேஸ்மென்ட்ல தினம் போற தண்ணியப் பத்தி நீங்க என்னிக்காவது எழுதினதுண்டா?

காய்க்கு ஹார்மோன் ஊசி போட்டேன்னு சொன்னவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

ஆனா இதச் சொல்லியே ஆகணும். நான் கண்ணத் தொடச்சுட்டு முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள "சாம்பாருக்கு ஆகும்"னு அந்தக் காய வெட்டி ஆளுக்கு ஒரு பத்தையா எடுத்துட்டுப் போயிட்டாங்க. என்னக் கேக்கல. துண்டுகளையாவது சேத்து எடை போட்டிருப்பேன். திங்கக்கிழமை காலைல குரூப்ல ஒரு ஆன்ட்டி மெசேஜ், "டேஸ்டே இல்ல, வெறும் தண்ணி." ருசிக்குன்னு வளத்த ரகமே இல்லங்க அது, எடைக்கு வளக்கறது, அந்த எடையத்தான் நீங்க பாக்கவே இல்லையே! கமிட்டில இருந்து ஒரு சாரி கூட வரல. அடுத்த வருஷம் வாங்க மேடம்னு மட்டும் ஒரு போன். 140 நாளுங்க. அடுத்த வருஷம் அந்த சைட்ல அஸ்திவாரம் போடறோம்.

நல்லவேளை, வெட்டின இடத்துல பேப்பர்ல விதைய வழிச்சுப் போட்டிருந்தாங்க. அத மட்டும் அள்ளிட்டு வந்து கழுவி நிழல்ல காய வெச்சிருக்கேன். இந்த விதைங்களுக்கு உலகம் பூராவும் ஒரே மாதிரிதான் பேர் வெப்பாங்க, முதல்ல தாய்க்காயோட எடை, அப்புறம் வளத்தவங்க பேரு, அப்புறம் வருஷம். கவர்ல என் பேரும் வருஷமும் எழுதிட்டேன். முன்னாடி இடம் விட்டிருக்கேன்.