அது வேறயாம்!

சாவிக்கொத்தில் தொங்குகிற கட்டைவிரல் அளவு கரடிப் பொம்மைக்காக நேற்று முக்கால் மணி நேரம் என் நாட்டுப்பற்றை விசாரித்தார்கள். டொராண்டோவின் ஸ்காபரோவில், ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், பேப்பர் தட்டும் கையுமாக. விசாரித்தவர் தூரத்து உறவில் ஒரு மாமா. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், வர்ணிக்கப் போவதில்லை.

"என்ன பிள்ளை, இந்த வயசில கரடிப் பொம்மை?" என்றுதான் தொடங்கினார். சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! ஐஸ் ஸ்கேட்டிங் நடன வீரர் யுசுரு ஹன்யூ ஆடி முடித்ததும் ரசிகர்கள் இந்த வின்னி த பூ கரடிகளைத்தான் மழை மாதிரி ஐஸில் கொட்டுவார்கள், அவர் 2022இல் போட்டிகளை விட்டு விலகிய பிறகும் எனக்கு இதைக் கழற்ற மனம் வரவில்லை என்றேன். எந்த நாடு என்றார். ஜப்பான் என்றேன். வாய்க்குப் போன கோழிக்கறி பாதி வழியில் நின்றது. "இருக்கிறது கனடா, சோறு போடுறது கனடா, கத்துறது ஜப்பான்காரனுக்கோ?"

பிறகு போனை எடுத்துத் தேடினார். இரண்டே நிமிடம். அதுவரை பட்ரிக் சான் என்ற கனடிய ஸ்கேட்டரின் பெயரைக்கூடக் கேட்டிராத மனிதர், தலை நிமிரும்போது "எங்கட பெடியன் பட்ரிக்" என்கிறார்! "சோச்சியில எங்கட பெடியனுக்கு வரவேண்டிய தங்கத்தை இவனெல்லோ பறிச்சவன்!" பறித்தாராம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில், ஃப்ரீ ஸ்கேட் என்ற இரண்டாவது, நீளமான சுற்றில் ஹன்யூ இரண்டு தடவை விழுந்தார். கதவைத் திறந்து வைத்து, வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொன்ன மாதிரி. சானும் தடுமாறினார். மொத்தப் புள்ளி ஹன்யூவுக்கு 280.09, சானுக்கு 275.62. வேலையிடத்துக் கழிவறையில் போனைப் பிடித்தபடி இரண்டு பேருக்காகவும் அழுதவள் நான். நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் மாமா?

சரி, பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். ஹன்யூ பயிற்சி எடுத்ததே இங்கே டொராண்டோவில்தான், 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம். கோச் பிரையன் ஓர்சர் அசல் கனடாக்காரர், 1984இலும் 1988இலும் ஒலிம்பிக் வெள்ளியோடு திரும்பியவர். தனக்குக் கிடைக்காத தங்கத்தை 2010இல் கொரியாவின் யூனா கிம் கழுத்திலும் அப்புறம் ஹன்யூ கழுத்திலும்தான் பார்த்தார். அவரே கொடி பார்க்கவில்லை. இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த இடத்தின் பெயர் டொராண்டோ கிரிக்கெட் ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப் என்று சொல்லித் தொலைத்தேன். "கிரிக்கெட்டோ? அங்க சேர எவ்வளவு எடுக்கிறாங்கள்?" பத்து நிமிடம் அதிலேயே போனது.

திரும்பி வந்தார். "எண்டாலும் நாடு எண்டு ஒண்டு இருக்குத்தானே பிள்ளை."

2018 ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங் ஜோடிப் பிரிவில் தங்கம் வென்ற சவ்செங்கோ உக்ரைனில் பிறந்தவர். கூட ஆடிய மசோ பிரான்ஸ்காரர், போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஜெர்மன் குடியுரிமையே கிடைத்தது. பாடியது ஜெர்மனியின் கீதம். அது யாருடைய பதக்கம் என்று கேட்டேன். "ஜெர்மனிதான். பாஸ்போர்ட் எல்லோ கணக்கு."

அப்படியா? உங்கள் பாஸ்போர்ட் கனடா. உலகக் கிண்ணக் கால்பந்து வந்தால் காரில் பறக்கிறது பிரேசில் கொடி. கிரிக்கெட்டில் இந்தியா தோற்றால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது வயிற்றுக்கு மேல் இழுத்து மாட்டியிருக்கிறது ஆர்சனல் டி-ஷர்ட். பிரேசிலில் யார் உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா?

"அது வேற."

எப்படி மாமா வேறு?

"அது வேற பிள்ளை. அது ஃபுட்போல்."

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் நாளே பிளேடு ஐஸில் இருந்த குழியில் மாட்டி எட்டாம் இடத்துக்குப் போன ஹன்யூ, ஃப்ரீ ஸ்கேட்டில் அதுவரை யாருமே போட்டியில் முடிக்காத ஆக்சல் என்ற நாலரைச் சுற்றுத் தாவலைத் தாவிப் பார்த்து, விழுந்து, எழுந்து, மீதியை அப்படி ஆடினார். நாலாம் இடம். அந்த ஆட்டத்தால் எந்த நாட்டுக்கும் ஒரு பதக்கமும் வரவில்லை, நான் விடியும்வரை தூங்கவில்லை. கசகஸ்தான் எங்கே இருக்கிறது என்று நான் வரைபடத்தில் தேடியதே அந்த நாட்டு ஸ்கேட்டர் டெனிஸ் டென்னால்தான். 2018இல் அல்மாட்டியில் அவரைக் குத்திக் கொன்ற செய்தி வந்த அன்று அழுததற்கும் மாமாவிடம் விசா எடுத்திருக்க வேண்டும்போல.

இதையெல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அதுவும் வேற" என்றார்.

அதற்கு மேல் முடியவில்லை, சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், வென்றுவிட்டதாக நினைத்து. சரி, வயிற்றையாவது பார்ப்போம் என்று மேசைக்குப் போனால் மட்டன் ரோல்ஸ் தட்டு துடைத்து வைத்த மாதிரி கிடக்கிறது. வாசலில் மாமா, அலுமினியத் தாளில் சுற்றிய பொதி இரண்டு கையிலும். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேருக்கு எத்தனை ரோல்ஸ் ஐயா வேண்டும்?