ஊர்வலம் போதும், குழாயடிக்கு வாங்க

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் வந்தால் நீலச் சட்டை, நீல பலூன், பேனர் பிடித்து ஒரு நடை. மறுநாள் காலை தண்ணி வரும் நேரத்தில் அதே கல்லியில் (சந்தில்) ஒரு குரல்: "அந்த லூசுப் பயலக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கக்கா." மும்பையில் தாராவி, ஆண்டாப்ஹில், செம்பூர் பக்கம் ஆட்டிசம் பற்றி ஏதாவது செய்யணும் என்று கிளம்பும் தம்பி தங்கைகளே, ஒதுக்கி வைப்பது நடப்பது குழாயடியிலும் மாடிப்படியிலும்தான். வேலையையும் அங்கேயே ஆரம்பியுங்கள்.

முதலில் நோட்டீஸ். ஆட்டிசத்தைத் தமிழாக்கி 'தன்முனைப்புக் குறைபாடு' என்று போடாதீர்கள். தன்முனைப்பு என்றால் நம் ஆட்களுக்கு ஈகோ. திமிர் பிடித்த பிள்ளை என்றுதான் படிப்பார்கள். 'மதியிறுக்கம்' என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஆட்டிசம் என்றே எழுதுங்கள். கீழே ஒரு வரி: "சத்தம், வெளிச்சம், தொடுதல், பேச்சு எல்லாவற்றையும் மூளை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது. ஒட்டுவாரொட்டி இல்லை." கற்றல் குறைபாடு வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். ஆனாலும் ஒரே நோட்டீஸில் எல்லாவற்றையும் குழைத்தால் படிப்பவர் மனதில் 'மெண்டல்' என்ற ஒரே வார்த்தைதான் தங்கும். டிஸ்லெக்சியா (வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாகும் கற்றல் குறைபாடு) பற்றிப் பேசும்போது "இவன் ஒண்ணும் மக்கு இல்ல, எழுத்துதான் வராது" என்று வாதாடுவது நமக்கெல்லாம் பழக்கம். ஒருவனைக் காப்பாற்றப் போய் பக்கத்து வீட்டுப் பிள்ளையை மக்காக்கிவிடுகிறோம். அந்த வாக்கியத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

கூட்டம் சின்னதாக இருக்கட்டும். ஒரு மாடி அல்லது ஒரு வரிசை வீடு, 12 முதல் 15 பேர், 40 நிமிஷம். மைக் வேண்டாம். விட்டு விட்டு எரியும் டியூப்லைட் இருந்தால் அணைத்துவிடுங்கள். முதலில் பேசவேண்டியது ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவர். வாய்ப்பேச்சு இல்லாதவரென்றால் போனில் தட்டச்சு செய்து வாசிக்க விடலாம், எழுத்துப் பலகையைக் காட்டிப் பேசலாம். அவர் எழுதி முடிக்கும்வரை எல்லாரும் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்த இரண்டு நிமிஷம் ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சமம். பெற்றோர் அடுத்து. டாக்டர் கடைசியில், ஐந்து நிமிஷம். அவரை நடுவில் உட்கார வைத்தால் கூட்டம் ஆஸ்பத்திரி ஓபிடி ஆகிவிடும். ஏரியாத் தலைவர் சால்வையோடு வருவார். வாங்கி மடித்து வைத்துவிட்டு அவரைப் பாயில் உட்கார வையுங்கள். பிள்ளையை முன்னால் நிறுத்திப் போட்டோ எடுக்கிற வேலையே வேண்டாம்.

ஸ்டெம்செல் (குருத்தணு) சிகிச்சை பற்றிக் கண்டிப்பாக ஒருவர் கேட்பார். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லியாயிற்று. இதைச் சொல்லும்போது குரல் தணிந்திருக்கட்டும். நகையை விற்று அதற்குப் பணம் கட்டிய அம்மா அதே பாயில் இருக்கலாம்.

கையில் கொடுக்க உருப்படியான ஒன்று, ஆட்டிசம் உள்ளவர் வெளியே போகும்போது மாட்டிக்கொள்ளும் கழுத்து அட்டை. ஏடிஎம் கார்டு அளவில் எழுத்து தெரியாது. 8க்கு 11 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், இந்தி, மராத்தி மூன்றிலும் நான்கே வரி: எனக்கு ஆட்டிசம், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதிலுக்குப் பத்து நொடி பொறுங்கள். மராத்தியில் 'மலா ஹாத் லாவூ நகா' (என்னைத் தொடாதீர்கள்) என்று பேச்சு வழக்கிலேயே போடுங்கள், அரசாங்க மராத்தி வேண்டாம். பளபள லேமினேஷன் வெயிலில் மின்னி எழுத்தை மறைக்கும், பளபளப்பு இல்லாதது கேளுங்கள். இழுத்தால் தானாக விடும் கிளிப் வைத்த நாடாதான் வேண்டும். தாதர் ஸ்டேஷன் நெரிசலில் சாதாரணக் கயிறு கழுத்தை இறுக்கிவிடும். பெயரும் விலாசமும் போடக்கூடாது. முன்பின் தெரியாதவன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி. பின்பக்கம் இரண்டு போன் நம்பர் போதும். ஆட்டிசத்துக்கு அடையாளமாக வழக்கமாகப் போடும் புதிர்த் துண்டுப் படம் போடாதீர்கள். ஏதோ ஒன்று குறைகிற ஆளாகக் காட்டுகிறது என்று ஆட்டிசம் உள்ளவர்கள் பலரும் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். அவர்கள் கேட்பது முடிவிலிக் குறி (∞).

லோக்கல் ரயிலில் மாற்றுத்திறனாளி டப்பாவில் (பெட்டியில்) ஏறினால் "நல்லாத்தான இருக்கான், இறங்கு" என்பார்கள். பையில் யுடிஐடி கார்டு (அரசு தரும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருந்தால் வாக்குவாதம் சீக்கிரம் முடியும். அந்தக் கார்டு வாங்கத்தான் வீட்டில் தயக்கம், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கணுமே என்று. கார்டு வாங்கினால் தெருவில் யாரும் தண்டோரா போடப் போவதில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைக்குத் தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்னாலேயே போகச் சொல்லுங்கள், பரிசோதனை ஒரே நாளில் முடியாது.

சட்டம்: 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 7 வகைகளில் ஆட்டிசமும் இல்லை, கற்றல் குறைபாடும் இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டத்தின் 21 வகைகளில் இரண்டும் உண்டு. அதில் 92ஆம் பிரிவு, பலர் பார்க்கும் இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை என்கிறது. எடுத்த எடுப்பில் இதை நீட்டாதீர்கள். நாளைக்கும் அதே குழாயில்தான் தண்ணி பிடிக்கணும். ஆனால் ஒரு நோட்டில் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை சொன்ன மொழியிலேயே, பக்கத்தில் நின்றவர் யார் என்று குறித்து வாருங்கள். "அடிக்கடி திட்டுகிறார்கள்" என்று மொட்டையாக எழுதினால் புனேயில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த விஷயம், கணபதி ஊர்வலச் சத்தம். டோல் தாஷா (ஊர்வல மேளம்) எந்த நாள், எத்தனை மணிக்கு உங்கள் கல்லி வழியாக வரும் என்று மூன்று வாரம் முன்பே மண்டல் (விழாக் குழு) செயலாளரிடம் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் சண்டைதான் வரும். ஆட்டிசம் உள்ளவர் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்து அந்த நான்கு வீட்டைத் தாண்டும்வரை டோல் அடிக்காமல் வாருங்கள் என்று கேட்டால் இரண்டு நிமிஷ விஷயம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், டோல் அடிக்கிற பையன்களிடமும் தனியாகச் சொல்லி வையுங்கள். செயலாளர் அன்றைக்கு ஊர்வலத்தின் எந்த மூலையில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது.