வெள்ளத்துக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்

வெள்ளத்துக்குக் கைதட்டச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும்விட்டீர்கள். அதன் கீழே நான் போட்ட இரண்டு வரிக்கு என்னென்ன பதில் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். "அக்கா எப்போதும் இப்படித்தான்", "நல்லதைப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது", பிறகு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒரு பொம்மை என் சொந்தச் சித்தி மகன் போட்டது. நன்றாக இருக்கட்டும். இரண்டு வரியில் சொன்னதால்தான் புரியவில்லை என்றால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பேச்சாளர் சொன்னதை முதலில் நேர்மையாக எடுத்துவைக்கிறேன், திரித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. துன்பம் இல்லாமல் இன்பம் என்று ஒன்று கிடையாது. 2023 டிசம்பரில் அந்த வெள்ளம் வந்திராவிட்டால் நம் திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லா மக்களின் மனசு எவ்வளவு பெரியது என்று நமக்கே தெரிந்திருக்காது. ஆகவே அந்த வெள்ளத்துக்கு எல்லோரும் ஒருமுறை கைதட்டுங்கள். இவ்வளவுதான். அரங்கம் முழுவதும் தட்டியது.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். இன்பத்துக்குத் துன்பம் தேவையில்லை. துன்பம் வரும், அதை யாரும் நிறுத்த முடியாது, வந்த பிறகு இன்பமும் வரக்கூடும். இதையெல்லாம் நான் எங்கே மறுத்தேன்? ஒன்றன்பின் ஒன்று வருகிறது என்பதற்காக, முன்னே வந்ததுதான் பின்னே வந்ததைக் கொண்டுவந்தது என்று முடிவுகட்டாதீர்கள் என்கிறேன். அதற்குக் கைதட்டச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

பேச்சாளர் காட்டிய உதாரணம் ரயில். உங்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. சுற்றிலும் தண்ணீர், போக வழியில்லை, வரவும் வழியில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்ததைக் கொண்டு பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த மனசை வெள்ளமா கொண்டுவந்தது? நம் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் சுடலைமாடன் கொடைக்கும் போய்ப் பாருங்கள். முன்பின் தெரியாதவனை இழுத்து உட்காரவைத்து இலை போடுகிறார்கள். எந்தத் துன்பம் வந்து அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது? அந்த ஊர்க்காரர்கள் 16ஆம் தேதியும் அதே ஆட்கள்தான். ரயில் நிற்கவில்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை. நமக்குத் தெரியாதது நம் குறை. அதற்கு ஊரை முழுக்கடிக்க வேண்டுமா?

தாமிரபரணி ஆற்றில் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில், வெள்ளம் வரும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள் என்பதை ஆற்றங்கரையில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டாம். உற்சவரைத் தூக்கிக்கொண்டு மேலக்கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். முருகனே வெள்ளத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பதில்லை.

சரி, வெள்ளத்தை விடுங்கள். "துன்பம் தெரியாதவனுக்கு இன்பம் தெரியாது" என்பதையே எடுத்துக்கொள்வோம். எங்கள் வீடுகளில் குழந்தை பிறந்தவுடன் சேனை வைப்பார்கள். வீட்டில் நல்ல குணமுள்ள பெரியவர் யாராவது சீனித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைப்பது. (இப்போது டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்கிறார்கள். சரிதான், நானும் வைக்கச் சொல்லவில்லை.) என் அண்ணன் மகளுக்கு எங்கள் ஆச்சி சேனை வைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். கண்கூடத் திறக்கவில்லை. விரல் பட்டதும் அழுகை நின்றது. நாக்கின் நுனி வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. உதடு இரண்டும் சப்பு சப்பென்று கூடிப் பிரிந்தன. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விரிந்தது. ஆச்சி விரலை எடுத்த பிறகும் அந்த வாய் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அதற்கு முன் எந்த வேப்பங்கொழுந்தைத் தின்று இனிப்பின் அருமையைத் தெரிந்துகொண்டது? இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பிறந்து சில மணி நேரமே ஆன, முதல் பால்கூடக் குடிக்காத குழந்தைகளின் நாக்கில் இனிப்புக் கரைசலை வைத்து முகத்தைக் கவனித்த ஆராய்ச்சிகள் 1970களிலேயே வந்துவிட்டன. முகம் தளர்கிறது, உதட்டைச் சப்புகிறது. கசப்பை வைத்தால் முகம் கோணுகிறது. கசப்பை முதலில் வைத்துப் பாடம் எடுத்த பிறகுதான் இனிப்பு என்று இயற்கை எந்த ஏற்பாடும் செய்யவில்லை.

"அழுதுகொண்டுதானே அக்கா பிறந்தது?" என்று ஒருவர் வருவார். வரட்டும். மூச்சு விடுவதற்காக அழுதது தம்பி. தத்துவத்துக்காக அழவில்லை.

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்று பதினோரு பேராவது எழுதியிருந்தீர்கள். வெயிலில் வந்தவனுக்கு நிழல் சுகம்தான், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நடப்பவளிடம் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், ஒப்புக்கொள்கிறேன். வலி போன பிறகு வரும் அந்த நிம்மதி உண்மையானது. ஆனால் அது இன்பத்தில் ஒரு வகை. அந்த ஒரு வகையைக் காட்டி எல்லா இன்பமும் அதுதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறீர்கள். கல்லூரியில் தத்துவம் படித்த அண்ணாச்சி ஒருவர் சாக்ரடீஸையே துணைக்கு அழைத்திருந்தார். சிறையில் கடைசி நாளன்று காலில் இருந்த விலங்கைக் கழற்றியதும், அவர் காலைத் தேய்த்துக்கொண்டே, இன்பமும் துன்பமும் ஒரே தலையில் ஒட்டிய இரண்டு உடம்புகள் போல என்று சொன்னாராம். ஆமாம், பிளேட்டோ அப்படித்தான் எழுதியிருக்கிறார். அதே பிளேட்டோதான் அண்ணாச்சி, இன்னோர் இடத்தில், நல்ல மணம் தரும் இன்பத்துக்கு முன்னாலும் வலி இல்லை, அது போன பிறகும் வலி இல்லை என்று சாக்ரடீஸ் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லையா? சாயங்காலம் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு பெண் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறாள். அந்த நிமிஷத்துக்கு முன்பு நான் பிச்சிப்பூ இல்லாத ஏக்கத்தில் வாடிக்கொண்டா இருந்தேன்?

அடுத்து சலிப்பு. எப்போதும் இன்பமாக இருந்தால் சலித்துவிடும், அதனால் நடுநடுவே துன்பம் வேண்டும் என்கிறார்கள். திருநெல்வேலிக்காரி அல்வாவை இழுக்காமல் எழுத மாட்டாளா என்பீர்கள், இழுக்கத்தான் போகிறேன். அல்வா இரண்டாவது துண்டிலேயே திகட்டும். அதற்காகத்தான் கடையில் ஒரு பிடி மிக்சரைக் கூடவே தருகிறார்கள். எந்தக் கடையிலாவது திகட்டலுக்கு மருந்தாகக் கன்னத்தில் ஓர் அறை கொடுக்கிறார்களா? சலிப்புக்கு மாற்றம் போதும். ஓர் இன்பம் போய் வேறோர் இன்பம் வந்தால் போதும். துன்பம்தான் வந்து அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இரவு இல்லாமல் பகல் உண்டா என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. சூரியனைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி. ஸ்காட்லாந்தில் ஒரு பெண்மணி இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோதுதான் அவருக்கு வலி என்பதே அனேகமாகத் தெரியாது என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். மரபணுவில் ஒரு மாற்றம். 2019இல் மருத்துவ ஆய்வுக் கட்டுரையாகவே வெளியானது. வலி மட்டும் இல்லை, கவலையும் பயமும்கூட அவருக்கு மிகவும் குறைவு. அப்படியானால் பேச்சாளர் கணக்குப்படி அந்த அம்மாள் மகிழ்ச்சியே தெரியாத மரக்கட்டையாக இருக்க வேண்டும். அவரோ சந்தோஷமாக இருக்கிறார், அவரைப் பேட்டி எடுத்தவர்களெல்லாம் அதைத்தான் எழுதினார்கள். கை சுட்டால் சதை கருகும் வாசனை வந்த பிறகே அவருக்குத் தெரியும், அது ஆபத்துத்தானே என்றால், ஆபத்துத்தான். வலி ஒரு காவல்காரன், அவன் வேண்டும். காவல்காரன் வேண்டும் என்பது வேறு, வீட்டுக்குள் நடக்கும் கல்யாணத்தையே அவன்தான் நடத்துகிறான் என்பது வேறு.

இவ்வளவும் ஆற அமரச் சொன்னது. இனிமேல் சொல்வது அப்படி இருக்காது.

பேச்சாளர் புறநானூற்றையும் விட்டுவைக்கவில்லை. பக்குடுக்கை நன்கணியாரின் பாட்டு, 194ஆவது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. சேர்ந்தவர்கள் பூச்சூட, பிரிந்தவர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். "பார்த்தீர்களா, இரண்டும் சேர்ந்ததுதான் வாழ்க்கை" என்று இழுத்துச் சொல்லிவிட்டு நேராகக் கடைசி வரிக்குத் தாவினார். நடுவில் ஒரு வரி இருக்கிறது ஐயா. "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்." இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று திட்டுகிறார் அந்தப் புலவர். இன்னாதது இந்த உலகம் என்று சொல்லிவிட்டு, இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைக் காணட்டும் என்கிறார். சாவுப் பறை ஒலித்ததால்தான் கல்யாண முழவு இனித்தது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. பறைக்குக் கைதட்டச் சொல்லவும் இல்லை. அந்த வரியை ஏன் முழுங்கினீர்கள்? நேரம் இல்லையா, அல்லது அதைச் சொன்னால் கைதட்டல் வராதா?

கைதட்டியவர்களில் எங்கள் மதினியும் ஒருவர். நான்தான் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனேன், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாரே என்று. வெள்ளம் வந்தபோது மதினி ஆற்றங்கரைச் சிந்துபூந்துறையில் வாடகை வீட்டில் இருந்தார், தரைத்தளம். தண்ணீர் ஜன்னல் அளவுக்கு வந்து நின்றது. வடிந்த பிறகு நானும் அவருமாகச் சேற்றை வாரிக் கொட்டினோம். தையல் மெஷின் போயிற்று, அரிசி போயிற்று, மெத்தை போயிற்று. அதற்கெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீரோவின் அடித்தட்டில் கல்யாண ஆல்பம் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய பழைய மாதிரி ஆல்பம். தாளைத் தூக்கினால் படத்தின் சாயம் அதோடு உரிந்து வந்தது. ஒரு படத்தில் அண்ணனின் பட்டு வேட்டி அப்படியே இருக்கிறது. மாலை இருக்கிறது. மாலைக்கு மேலே வெள்ளை. அண்ணன் இறந்து பல வருஷம் ஆகிறது. புதிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த மதினி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள், அவரும் தட்டினார். பெரியவர்கள் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று நினைக்கும் ஆள் அவர். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ தட்டவில்லையா?" என்று வேறு கேட்டார்.

இதனால்தான் எனக்கு ஆத்திரம். "துன்பம் வந்தால்தான் இன்பம்" என்பதை யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மாடியில் இருப்பவர் தரைத்தளத்தைப் பார்த்துச் சொல்கிறார். கீழே இருப்பவர் ஒருநாளும் மேலே பார்த்து, "ஐயா, உங்களுக்கும் கொஞ்சம் இன்பத்தின் அருமை தெரியட்டும், வீட்டைக் காலி செய்யுங்கள்" என்று சொன்னதில்லை. கரையை மேடாக்கினார்களா, வாய்க்காலைத் தூர் வாரினார்களா, அணைத் தண்ணீர் திறப்பதை மக்களுக்கு எப்போது சொன்னார்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் இந்தத் தத்துவத்தைக் கொண்டுவந்து வைத்தால் கேள்வி அப்படியே அமுங்கிப்போகிறது. 1999 ஜூலை 23 அன்று இதே தாமிரபரணியில், கூலிக்காக ஊர்வலம் வந்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் மீது போலீஸ் தடியடி நடந்தபோது பதினேழு பேர் ஆற்றில் செத்தார்கள். அதில் ஒரு குழந்தையும் உண்டு. அதனால் யாருக்கு எந்த இன்பத்தின் அருமை தெரிந்தது? அது நடந்த கொக்கிரகுளத்தில் நின்று அதற்கும் ஒரு கைதட்டல் கேட்பீர்களா?

கேட்க மாட்டீர்கள். அப்படியானால் எந்தத் துன்பத்துக்கு நன்றி சொல்லலாம், எதற்குக் கூடாது என்று ஒரு பட்டியலாவது போட்டுக் கொடுங்கள்.

நான் எதிர்மறை ஆள், சிரிக்கத் தெரியாதவள் என்று எழுதிய தம்பிக்கு: எனக்கு நன்றாகவே சிரிக்கத் தெரியும். குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டு ஒன்றுமே இல்லாததற்குச் சிரித்தவர்கள் நானும் என் மதினியும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், நோய் இல்லை, கடன் இல்லை. எந்தத் துக்கத்தையும் முன்பணமாகக் கட்டிவிட்டு நாங்கள் சிரிக்கவில்லை. பிற்பாடு துக்கம் வந்தபோதும் அந்தச் சிரிப்பின் விலை ஏறியதாக எனக்குத் தெரியவில்லை. நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது, அவ்வளவுதான்.

சித்தி மகனுக்குத் தனியாகப் போனில் சொல்லிக்கொள்கிறேன்.

மற்றவர்களிடம் ஓர் உதவி. எங்கள் அண்ணன் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில், குடும்பத்தோடு நின்று எடுத்த ஒரு படமாவது கிடக்கும். அண்ணன் முகம் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, போனில் படம் பிடித்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். மதினிக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன், தயவுசெய்து கமெண்டில் அவரை டேக் செய்துவிடாதீர்கள்.