இன்னும் ஒரு அஞ்சாயிரம் மட்டும் போட்டா போதுமாம்

அம்பதாயிரம் ரூபா. போனஸ்ல பாதி, சீட்டு எடுத்ததுல கொஞ்சம்னு சேத்து, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணிடலாம்னு தனியா எடுத்து வச்ச காசு. இத வாயத் தொறந்து சொன்ன உடனே சென்னையில கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்ல ஆரம்பிச்சு யூடியூப்ல கலர் லைட்டுக்கு முன்னாடி உக்காந்திருக்கிற தம்பி வரைக்கும் எல்லாரும் ஒரே டயலாக், "இன்னும் ஒரு அஞ்சாயிரம் மட்டும் போட்டீங்கன்னா..." எங்க இருந்துய்யா போடுறது? அஞ்சாயிரம்னா எங்களுக்கு ஏசி ஓடுற கோடையில ஒரு தடவை கட்டுற கரண்ட் பில்லு.

அதுவும் ஒரு அஞ்சாயிரத்தோட நிக்குதான்னா இல்ல. ரைசன் 5 5600 ப்ராசசர் குடுங்கன்னா, "அது 2022ல வந்தது மேடம், அது உக்கார்ற ஏஎம்4 சாக்கெட்டே 2016 மாடல், இன்னும் அஞ்சாயிரம் போட்டா புது சாக்கெட் ஏஎம்5 போயிடலாம்." சரி போறோம்னு வச்சுப்போம், போர்டு வெல ஏறுது, அதுல டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏறும், அதுக்கு தனியா அழணும். அதுக்கும் அழுதாச்சு, அடுத்தது "இவ்ளோ நல்ல ப்ராசசருக்கு போய் இந்த கிராபிக்ஸ் கார்டா, ஆர்டிஎக்ஸ் 5060 போடுங்க." சரிங்கிறதுக்குள்ள இன்னொருத்தன் வந்து "கார்டுல 8 ஜிபி மெமரி எல்லாம் இனிமே பத்தாது, 5060 டிஐ 16 ஜிபி எடுத்தா அஞ்சு வருஷம் கவலையில்ல." அதுக்கு கரண்ட் குடுக்க பெரிய எஸ்எம்பிஎஸ், காத்து வர பெரிய கேபினெட்டு. அம்பதுல ஆரம்பிச்ச கணக்கு லட்சத்த தாண்டி நிக்குது, அப்பவும் அவன் மூஞ்சில ஒரு திருப்தி இல்ல.

அந்த 5060 அமெரிக்காவுல 299 டாலர்னுதான் அறிவிச்சாங்க. டாலர் 85 ரூபான்னு வச்சாலே இருபத்தஞ்சாயிரத்து நானூறு, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆச்சு முப்பதாயிரம், கடைக்காரர் லாபம் இன்னும் வரல. என் மொத்த பட்ஜெட்ல அறுபது சதவீதம் அந்த ஒத்த கார்டுலயே போயிடும். வீடியோல "பட்ஜெட் கார்டு"ங்கிறானுங்க. யாரு பட்ஜெட்டு?

இத்தனைக்கும் நாங்க கேக்கறது என்ன? நைட்டு சாப்ட்டு முடிச்சு ஒரு மணி நேரம் அவரு என்கூட உக்காந்து வேலரன்ட்னு ஒரு துப்பாக்கி கேம் ஆடணும். லீவு நாள்ல ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ல குதிர ஏறி ஊர் சுத்தணும். என் பழைய 1080பி மானிட்டரு அலமாரி மேல துணி சுத்தி இருக்கு, கீபோர்டு மவுசும் இருக்கு. 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 படம்) வந்தா அவரு கோயில்ல தேங்காயே ஒடைப்பாரு. 4கே வேணும், ரே ட்ரேசிங் வேணும்னு எவன் கேட்டான்?

கடையில இன்னொரு கூத்து. நான் உள்ள போயி பார்ட்ஸ் லிஸ்ட்ட நீட்டுறேன், கடைக்காரரு லிஸ்ட்ட பாக்காம எனக்குப் பின்னாடி வாசல பாக்குறாரு, "சார் வரலையா மேடம்?" சார்தான்யா ஆடப்போறது, வாங்குறது நான். அடுத்த தடவை சரி வந்து தொலையட்டும்னு இவரையும் கூட்டிட்டுப் போனேன். அவருக்கு ஸ்டூலு, டீ, "பாருங்க சார் இதுல பாட்டில்நெக் வராது சார்"னு பத்து நிமிஷம் கிளாஸு. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரப் பாத்து பதில். இவரும் பெரிய மனுஷன் மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வெளிய வந்து என்கிட்ட கேக்குறாரு, "ப்ராசசர்னா அந்த பெரிய டப்பாதான?" கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க வீட்டு கம்ப்யூட்டர திருகு கழட்டி தூசி தட்டுறது யாருன்னு அந்தக் கடைக்காரருக்கு எப்படிச் சொல்றது.

சரி, அவங்க எழுதிக் குடுத்த கோட்டேஷன பாருங்க. "ரைசன் 5 5500, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, பட்ஜெட்டுக்குள்ள சூப்பர் காம்போ மேடம்." பேர பாத்தா 5500க்கும் 5600க்கும் ஒரு படிதான் வித்தியாசம்னு தோணும். 5600ல எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, 5500ல 16 எம்பி, நேர் பாதி. அதுகூட போகட்டும், 5500ல பிசிஐஇ, அதாவது ப்ராசசருக்கும் கார்டுக்கும் நடுவுல டேட்டா போற பாதை, பழைய 3.0 தான். 6500 எக்ஸ்டி கார்டு இருக்கே, அது நாலே லேன்ல ஓடுற கார்டு, மெமரி 4 ஜிபி. 4.0 ஸ்லாட்டுல போட்டாலே மூச்சு வாங்குற கார்ட கொண்டுபோயி 3.0ல போட்டா, அந்த 4 ஜிபி நிரம்புன உடனே டேட்டா போக வர வழி பாதியாயி கேம் திக்கித் திக்கி நிக்கும். ஒலகத்துல எவ்வளவோ ப்ராசசர் எவ்வளவோ கார்டு இருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஆகாத இந்த ரெண்டத் தேடிப் புடிச்சு ஜோடி சேத்து அதுக்கு "கேமிங் காம்போ"ன்னு பேரு வச்சிருக்கான். தெரியாம பண்றானுங்கன்னு நான் நம்பமாட்டேன், ஸ்டாக் தள்ளணும், அவ்ளோதான். ரேம் ஒரே ஸ்டிக்கு, 16 ஜிபி. ரெண்டு எட்டா குடுத்தா டூயல் சேனல்ல, ரெண்டு வழியா வேகமா ஓடும்லன்னு கேட்டா "எல்லாம் ஒண்ணுதான் மேடம்". எஸ்எஸ்டி 256 ஜிபி. அந்தக் குதிர கேமுக்கு மட்டுமே 150 ஜிபி வேணும், விண்டோஸும் அதுவும் ஏறிட்டா மிச்சத்துல என்ன போட்டோவா வைக்கிறது?

எஸ்எம்பிஎஸ் கதைய சொன்னாதான் என் வயித்தெரிச்சல் அடங்கும். கோட்டேஷன்ல "450 வாட்ஸ் கேமிங் எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோட ஃப்ரீ"ன்னு இருந்துச்சு. எடுத்துக் காட்டுங்கன்னேன். கையில வாங்குனா பஞ்சு வெயிட்டு. திருப்பி ஸ்டிக்கர பாத்தா, 12 வோல்ட்டுக்கு நேரா 16 ஆம்ப்னு போட்டிருக்கு. பெருக்குங்க. 192 வாட்ஸ். கார்டு, ப்ராசசர் ரெண்டும் பவர் எடுக்கிறது அந்த 12 வோல்ட்டுலதான். நான் கேக்குற ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டும் 132 வாட்ஸ், ப்ராசசர் 65, ரெண்டும் சேந்து 197. அதாவது அவங்களே ஒட்டுன ஸ்டிக்கர் கணக்குப்படியே அது தாங்காது. எங்க ஏரியாவுல சாயங்காலம் ஆனா வோல்டேஜ் ஏறி எறங்கி ஆடும், ஒருநாள் இது வெடிச்சா போர்டையும் கார்டையும் கூட இழுத்துட்டுதான் போகும். நல்ல 550 வாட்ஸ், 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம்) சர்டிஃபிகேட் உள்ளதா குடுங்க, காசு தரேன்னா, "அதுக்கு இன்னும்..." ஆமா, தெரியும், அஞ்சாயிரம்.

ஆன்லைன்ல பாக்கலாம்னு போனா அங்க வேற ஊழல். "ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், கேமிங் பிசி" இருபத்தி சொச்ச ஆயிரம், கேபினெட்டு பூரா லைட்டு. எந்த ஐ7ன்னு கீழ பொடி எழுத்துல தேடிப் பாத்தா ஐ7 2600. அது 2011ல வந்தது! அந்த 4 ஜிபி கிராபிக்ஸு ஜிடி 730, அதுக்கு புது கேமுக்கான டிரைவர் (கார்ட ஓட்டுற சாஃப்ட்வேர்) குடுக்கிறத 2021லயே நிறுத்தியாச்சு. விண்டோஸ் 10 சப்போர்ட் அக்டோபர் 2025ல முடிஞ்சுது, விண்டோஸ் 11 முறைப்படி போடணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி வசதியும் வேணும், வேலரன்ட் விண்டோஸ் 11ல அந்த டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லாம உள்ளயே விடாது. பையன் நல்லா மார்க் எடுத்தான்னு ஏதோ ஒரு ஊர்ல ஒரு அப்பா ஐ7ங்கிற எழுத்த மட்டும் நம்பி இத வாங்கிக் குடுத்திருப்பாரு. அத நெனச்சாதான் எனக்கு கோவம் தலைக்கு ஏறுது.

இதுக்கு நடுவுல ரேம் வெல. போன வருஷம் நடுவுல நான் எக்செல் ஷீட்டு போட்டப்ப ரெண்டு எட்டு ஜிபி டிடிஆர்4 கிட்டு மூவாயிரத்து சொச்சம், மொத்த லிஸ்ட்டும் நாப்பத்தொம்பதாயிரத்துல அடங்குச்சு. போனஸ் வரட்டும்னு வெயிட் பண்ணேன். அதுக்குள்ள ஏஐ டேட்டா சென்டர்காரங்க வந்து வழிச்சுட்டாங்க. ஒலகத்துல ரேம் சிப்பு செய்யறதுல பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான்னு மூணே கம்பெனி. மூணு பேரும் ஏஐ சர்வருக்கு போற எச்பிஎம் மெமரி பக்கம் திரும்பிட்டாங்க, மைக்ரான் ஒருபடி மேல போயி நம்ம மாதிரி ஆளுங்க வாங்குற க்ரூஷியல் பிராண்டையே மூடுறோம்னு டிசம்பர் 2025ல அறிவிச்சிடுச்சு. எவனோ கம்ப்யூட்டர்கிட்ட பூனைக்கு கோட்டு போட்ட படம் கேக்குறான், இங்க என் ஷீட்டுல அதே கிட்டு மூணு மடங்கு ஆயிருக்கு. எஸ்எஸ்டியும் பின்னாடியே ஏறுது. கடையில ரேட்டு கேட்டா "இன்னிக்கு ரேட்டு மேடம், நாளைக்கு கேக்காதீங்க"ங்கிறாங்க.

ரேம் மட்டும் தனியா குடுங்கன்னா கெடையாதாம், போர்டும் ப்ராசசரும் சேத்து எடுத்தாதான் தருவாங்களாம். ரேஷன் கடையில சர்க்கர வேணும்னா சோப்பும் வாங்குன்னு தலையில கட்டுவாங்களே, அந்தக் கதைதான். அப்புறம் அந்த குசுகுசு, "பில் வேணாம்னா கொறச்சுப் பண்ணலாம்." பில் இல்லாம மூணு வருஷ வாரன்ட்டிய நான் யார்கிட்ட போயி கேக்குறது, உங்க கடை வாசல்ல சூடம் ஏத்தியா?

ஆபீஸ்ல இதச் சொன்னா "பேசாம பிஎஸ்5 வாங்கிடேன்." அதுவும் அம்பதாயிரத்த தாண்டுது, வேலரன்ட் எனக்கு பிசியில, அவருக்கு அதுலன்னா ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து ஆடவே முடியாது, கேம் ஒவ்வொண்ணும் ஆயிரக்கணக்குல, அதுக்கு மேல அவரு அதுல அக்கவுன்ட்ஸ் வேலை பாக்க முடியுமா? மாமியார் "அந்த காசுக்கு வாஷிங் மெஷின் மாத்தலாமே"ங்கிறாங்க. அது ஒண்ணுதான் இந்தப் பேச்சுல நியாயமான அட்வைஸு, ஆனா இப்ப கேக்கற மனநெலையில நான் இல்ல.

இப்ப என் முடிவு இதுதான். புதுசா வாங்கறது 5600, பி450 போர்டு, ஒழுங்கான எஸ்எம்பிஎஸ், 1 டிபி எஸ்எஸ்டி. அஞ்சுக்கும் பத்துக்கும் இதுல நான் எறங்க மாட்டேன். கேபினெட்டு இருக்கறதுலயே மலிவா, லைட்டே இல்லாம. ரேமும் கார்டும் செகண்ட் ஹேண்டு. சென்னைக்குள்ள யாராவது ஆர்எக்ஸ் 6600 விக்கறதா இருந்தா ஒரிஜினல் பில்லோட சொல்லுங்க, நேர்ல வரேன், அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டணும். கிரிப்டோ மைனிங்ல ராத்திரி பகலா வறுத்தெடுத்த கார்ட தொடச்சு "லைட்டா யூஸ் பண்ணது"ன்னு தூக்கிட்டு வராதீங்க. பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும் கார்டுல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டுதான் பணம் அனுப்புவேன். விலை பேசறதும் என்கிட்டதான், சார் வரமாட்டாரு.