நம்மைப் போல இருப்பதால்தானே அந்தக் குரங்கு கூண்டில் இருந்தது?

உளவியல் ஆய்வில் விலங்குகளைப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு வந்தாலே ஆளுக்கொரு பக்கம் நின்றுகொள்கிறார்கள். ஒரு பக்கம் "எல்லாமே சித்திரவதை, எதனாலும் பயன் கிடையாது". எதிர்ப்பக்கம் "மனிதனுக்கு நல்லது நடக்கிறதே, எலிக்காகவா அழுவது". உளவியல் படித்தவள் என்ற முறையில் இரண்டையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாவதை இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

ஒரு மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிப்பவர், "எலியின் கல்லீரலைத்தான் பார்க்கிறேன், அதன் மனசைப் பற்றி எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடலாம். உளவியல் ஆய்வாளருக்கு அந்த வழியே கிடையாது. பயம், தனிமை, நம்பிக்கை இழப்பு, இவற்றைத்தான் அவர் அந்த விலங்குக்குள் உண்டாக்கிப் பார்க்கிறார். அது நம்மைப் போலப் பயப்படவில்லை என்றால் ஆய்வுக்கே அர்த்தமில்லை. நம்மைப் போலத்தான் பயப்படுகிறது என்றால், அந்தப் பயத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். "விலங்குக்கு என்ன தெரியும்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லக் கூடாது.

அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோவை எடுத்துக்கொள்வோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குக் குட்டிகளைப் பிறந்த கொஞ்ச நேரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து, கம்பியால் ஒரு பொம்மைத் தாயும் துணி சுற்றிய இன்னொரு பொம்மைத் தாயும் வைத்துப் பார்த்தார். பால் கம்பித் தாயிடம் இருந்தாலும் குட்டி துணித் தாயைத்தான் கட்டிக்கொண்டு கிடந்தது. 1958இல் இதை வெளியிட்டார். பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினால் கெட்டுப்போகும் என்று நிபுணர்களே எழுதிய காலத்துக்குப் பிறகு வந்த ஆய்வு, அதனால் அதன் தாக்கம் பெரியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1940களிலேயே மனநல மருத்துவர் ரெனே ஸ்பிட்ஸ் காப்பகக் குழந்தைகள் அன்பான அணைப்பு இல்லாமல் எப்படி வாடிப்போகிறார்கள் என்று பதிவு செய்திருந்தார், 1951இல் இன்னொரு மனநல மருத்துவர் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக அதைப் பற்றி ஓர் அறிக்கையே எழுதியிருந்தார். மனிதக் குழந்தைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத்தான் குரங்குக் குட்டிகள் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

சரி, அந்த முதல் ஆய்வை விட்டுவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் நடந்ததற்கு என்ன சொல்வது? குட்டிகளை மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று முழுத் தனிமையில் வைத்தார்கள். பிறகு பக்கங்கள் சரிந்து அடியில் குறுகும் ஒரு உலோகத் தொட்டி செய்து, அதுவரை நன்றாக இருந்த குட்டிகளை அதன் அடியில் வாரக்கணக்கில் விட்டார்கள். 'விரக்தியின் குழி' என்று அதற்குப் பெயர். வெளியே வந்த குட்டிகள் தம்மைத்தாமே அணைத்துக்கொண்டு மூலையில் சுருண்டிருந்தன. கூட்டமாக வாழும் ஓர் உயிரைத் தனியே அடைத்தால் அது உடைந்துபோகும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். தெரிந்த பதிலுக்காக இன்னொரு உயிரை உடைப்பது ஆராய்ச்சியே இல்லை என்பதுதான் என் நிலைப்பாடு.

இதற்கு நேர்மாறாக, எனக்கு உண்மையிலேயே சங்கடமான உதாரணம் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப். குரங்குகளின் கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளைத் துண்டித்தார். குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிடும். ஆனால் நல்ல கையைக் கட்டிவைத்தால், செத்துப்போனது என்று நினைத்த அதே கை மெல்ல வேலை செய்ய ஆரம்பிக்கும். பக்கவாதம் வந்தவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, பாதிக்கப்பட்ட கையை மணிக்கணக்கில் பயிற்சி செய்ய வைக்கும் சிகிச்சை இதிலிருந்து வந்ததுதான். எத்தனையோ பேர் அதனால் மறுபடி கையைப் பயன்படுத்துகிறார்கள். இதை வேண்டாம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

அதே டாப்பின் சில்வர் ஸ்பிரிங் ஆய்வகத்தில்தான் 1981இல் காவல்துறை புகுந்து 17 குரங்குகளை மீட்டது. அசுத்தமான கூண்டுகள், கவனிக்கப்படாத காயங்கள். வழக்கில் வந்த தண்டனை மேல்முறையீட்டில் நிற்கவில்லை, அது வேறு கதை. நான் கேட்பது இதுதான்: அந்தச் சிகிச்சைக்கு நரம்பைத் துண்டித்தது தேவைப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அழுக்குக் கூண்டு எதற்குத் தேவைப்பட்டது? ஆறாத புண் எந்தக் கேள்விக்குப் பதில் தந்தது? "இவ்வளவு பயன் கிடைத்ததே" என்று வாதாடுபவர்கள் இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், மனச்சோர்வு மருந்துகளை எலிகளிடம் சோதிக்கப் பயன்படும் நீச்சல் சோதனை. 1977இலிருந்து இருக்கிறது. ஏறி வர முடியாத ஒரு குழாயில் தண்ணீர் நிரப்பி எலியைப் போடுவார்கள். எவ்வளவு நேரம் நீந்துகிறது, எப்போது அசையாமல் மிதக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். மிதந்தால் விரக்தி என்று அர்த்தமாம். நீந்தி பயனில்லை என்று புரிந்துகொண்டு தெம்பைச் சேமிக்கிற புத்திசாலி எலியாகவும் அது இருக்கலாமே? மனச்சோர்வு மருந்து மனிதருக்கு வேலை செய்ய வாரங்கள் ஆகும், இந்தச் சோதனையிலோ ஓரிரு நாளில் கொடுக்கும் மருந்துக்கே பலன் தெரிகிறது. அப்படியென்றால் இரண்டு இடத்திலும் அளப்பது ஒன்றையேதானா? மலிவு, சுலபம், எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகவே எத்தனையோ ஆய்வகங்களில் இது பழக்கமாகிவிட்டது.

அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் ஆய்வுக்கென்றே வளர்க்கப்படும் எலி, சுண்டெலி, பறவை எதுவும் சேர்த்தியில்லை. அங்கே ஆய்வகங்களில் மிக அதிகமாக இருப்பவை எலிகளும் சுண்டெலிகளும்தான்!

வேறு வழியில்லை என்பவர்களுக்கு மூளை ஆய்வாளர் கிரெகரி பெர்ன்ஸைக் காட்டுவேன். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நாய்களைக் கட்டாமல், மயக்க மருந்து தராமல், மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ கருவிக்குள் தாமாகவே அசையாமல் படுக்கப் பழக்கினார். பிடிக்கவில்லை என்றால் நாய் எழுந்து போய்விடலாம். 2012இல் முதல் முடிவுகள் வந்தன. எல்லாக் கேள்விக்கும் இப்படிப் பதில் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு இப்படியும் பதில் கிடைக்குமா என்று முதலில் தேடவாவது வேண்டாமா?

என்னைக் கேட்டால் உடனே மாற வேண்டியது, எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று மேசைக்குள்ளேயே கிடக்கும் ஆய்வுகள். அவை வெளியே வராததால் இன்னொரு ஊரில் இன்னொருவர் அதையே மறுபடி செய்கிறார், மறுபடி விலங்குகள் சாகின்றன. விலங்கு ஆய்வைத் தொடங்கும் முன்பே பதிவு செய்ய ஜெர்மனியில் 2019இல் ஓர் இணையப் பதிவேடு வந்தது, எந்த நாட்டவரும் பதியலாம், ஆனால் விருப்பம் இருந்தால் மட்டும். அதை விருப்பத்துக்கு விடாமல் எல்லா நாட்டிலும் கட்டாயமாக்க வேண்டும். பதியாத ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி தரக் கூடாது, முடிவை வெளியிடாதவருக்கு அடுத்த முறை ஒரு எலிகூடக் கொடுக்கக் கூடாது.