செங்காந்தள் கிழங்கு: வாட்ஸ்அப் சொல்வது தவறு

“மரத்தை வெட்டினால்தான் குற்றம், காட்டுச் செங்காந்தள் கிழங்கைத் தோண்டி நர்சரிக்கு விற்கலாம், மழைக்கு மறுபடி முளைத்துவிடும்” என்று குமரி மாவட்டத்தில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் செடியோ கிழங்கோ அனுமதியின்றி எடுப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு தடுக்கிறது. 3 ஆண்டு வரை சிறை உண்டு.

மறுபடி முளைக்குமாம்! செங்காந்தள் ஆண்டுதோறும் பழைய கிழங்கை விட்டுவிட்டுக் கவை பிரிந்த புதிய கிழங்கை உண்டாக்கும். முளை இருப்பது அந்தக் கவையின் நுனிகளில்தான். அதையே தோண்டிக்கொண்டு போனால் எது முளைக்கும்? விதை விழுமுன் எடுத்தால் அதுவும் இல்லை. மாநில மலருக்கே இந்தக் கதி.

வளர்க்க ஆசைப்படுவோர் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் இதைப் பயிரிடும் விவசாயிகளிடம் கேட்கலாம். கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு உண்டு. வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.