அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான்

‘கேரள லாட்டரி அரசே நடத்துவது, அதனால் சூதாட்டமில்லை, தமிழ்நாட்டில் விற்றாலும் தப்பில்லை’ என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் பி.ஆர். எண்டர்பிரைசஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 1998-ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டம், பிரிவு 5, வெளிமாநிலச் சீட்டைத் தடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் ஒரு மாநிலம் தன் சொந்த லாட்டரியை நடத்திக்கொண்டே மற்றவர்களுடையதைத் தடுக்க முடியாது. தமிழ்நாடு 2003-இல் லாட்டரியையே மொத்தமாக நிறுத்திவிட்டது, அதனால் தடை செல்லும்.

அப்புறம், டீக்கடைப் பக்கம் துண்டுத் தாளில் மூன்று எண் எழுதித் தருகிறார்களே, அது கேரள அரசின் சீட்டே இல்லை. அந்தக் குலுக்கல் முடிவின் கடைசி எண்களை வைத்துத் தனியார் நடத்தும் பந்தயம். எண் விழுந்தாலும் பணத்தைக் கேட்டு வாங்க உங்களுக்குச் சட்டத்தில் வழியில்லை.